டரான்டுலா வளர்ப்புப் பெட்டி

டரான்டுலா வளர்ப்புப் பெட்டி என்பது தெரபோசிடே குடும்பத்தைச் சேர்ந்த, உடல் பருத்த, மயிரடர்ந்த சிலந்திகளை வீட்டில் வைத்து வளர்ப்பதற்காகக் கண்ணாடி, அக்ரிலிக் ஷீட், உணவுப்பொருள் டப்பா முதலியவற்றைக் கொண்டு வளர்ப்பவர் தாமே செய்துகொள்ளும் மூடிய உறைவிடமாகும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட இக்குடும்பத்துச் சிலந்திகள், வட்டவலை பின்னி இரைக்குக் காத்திருக்கும் தோட்டச் சிலந்திகளைப் போலன்றி, மண்வளையிலோ மரப்பொந்திலோ பகல் முழுதும் பதுங்கியிருந்து, இரவில் வாயிலருகே வரும் பூச்சியைப் பாய்ந்து பிடிப்பவை. ஆகவே அவற்றுக்கு உலவுவதற்கான பரப்பைவிட ஒளிந்திருப்பதற்கான இடமே முதன்மையாகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அழகாக அமைந்த பெட்டி பெரும்பாலும் சிலந்திக்கு உகந்ததாக இருப்பதில்லை என்பதை இத்துறையில் பழகியோர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவர். மேலைநாடுகளில் இவ்வகைப் பெட்டிகள் ஆயத்தப் பொருளாக விற்கப்படுகின்றன. தமிழகத்தின் மீன்தொட்டிக் கடைகளில் இவற்றுக்கென்றே செய்த பெட்டி அரிது என்பதால், இங்கே வளர்ப்போர் பெரும்பாலும் கைவேலையையே நம்ப வேண்டியிருக்கிறது.

இயற்கை வாழிடம்

பெட்டியின் வடிவத்தைத் தீர்மானிப்பது அச்சிலந்தி காட்டில் எங்கே குடியிருக்கிறது என்பதுதான். அவ்வகையில் டரான்டுலாக்கள் தரைமட்டத்தில் கல்லடியிலும் வேரடியிலும் வாழ்பவை, ஆழமான வளை தோண்டி அதற்குள்ளேயே காலம் கழிப்பவை, மரப்பொந்துகளில் வாழ்பவை என மூவகைப்படும். தென்னிந்தியாவில் காணப்படும் கைலோப்ராகிஸ், த்ரிக்மோபீயஸ் பேரினங்கள் வளை தோண்டுபவை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே உரிய பொய்சிலோதீரியா பேரினம் மரத்தில் வாழ்வது.

பொய்சிலோதீரியாவின் வரலாறு தமிழகத்தோடு நெருங்கிப் பிணைந்தது. பிரிட்டிஷ் விலங்கியலாளர் ஆர். ஐ. போக்காக் 1895இல் மைசூரிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு பொய்சிலோதீரியா ஸ்ட்ரையேட்டாவையும், 1899இல் சேலத்தை அடுத்த காடையாம்பட்டியிலிருந்து ஃபார்மோசாவையும், அதே ஆண்டில் அரக்கோணத்திலிருந்து ரெகாலிஸையும் விவரித்தார். 1900இல் வெளிவந்த பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசையின் சிலந்தியினத் தொகுதியில் இவற்றை அவர் ஒருங்கே தொகுத்தார். மைசூர், சேலம், அரக்கோணம் ஆகிய மூன்றையும் கோடிட்டு இணைத்தால் உருவாகும் முக்கோணத்துக்குள், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சேலம்–பெங்களூரு இருப்புப்பாதையில் அமைந்துள்ள ராயக்கோட்டை விழுகிறது. மலைக்கோட்டையும் தக்காளிச் சந்தையுமாக அறியப்பட்ட இச்சிற்றூரின் சுற்றுப்புறத்தில் சாலையோரப் புளியமரங்களுக்கும் பழைய மாந்தோப்புகளுக்கும் குறைவில்லை. பொந்து விழுந்த முதிய புளியமரமோ பொய்சிலோதீரியா விரும்பிக் குடியேறும் இடங்களுள் ஒன்று.

போக்காக் 1899இல் ஆந்திரத்தின் குத்தி நகரிலிருந்து விவரித்த நீலநிறப் பொய்சிலோதீரியா மெட்டாலிகா, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்து, பின்னர் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் கோயம்புத்தூரை மையமாகக் கொண்ட ஆய்வாளர்களால் மீண்டும் காணப்பட்டது. 2004இல் இராமேசுவரத்தின் அனுமவிலாசம் கோயில் வளாகத்திலிருந்து விவரிக்கப்பட்டு, அவ்விடத்தின் பெயரையே தாங்கிய மற்றோர் இனம் பின்னர் இலங்கையின் மன்னார்ப் பகுதியிலும் கண்டறியப்பட்டது. இவ்விரு இனங்களும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் மிக அருகிய நிலையில் வைக்கப்பட்டுள்ளன. பொந்துள்ள முதிய மரங்கள் வெட்டப்படுவதே இவற்றின் அழிவுக்கு முதற்காரணம். அழகுக்காகப் பிடித்து விற்பது அடுத்தது.

சட்ட நிலை

இக்காரணத்தாலேயே 2019இல் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு, அதாவது அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் உறுப்பு நாடுகளின் கூட்டம், பொய்சிலோதீரியா பேரினம் முழுவதையும் தன் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்த்தது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, சைட்டிஸ் பின்னிணைப்புகளில் உள்ள உயிரினங்களுக்கெனத் தனி அட்டவணை ஒன்று உருவாக்கப்பட்டது. அவற்றை உயிருடன் வைத்திருப்போர் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்றும், குட்டி ஈன்றாலும் கைமாறினாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும் என்றும் 2024இல் விதிகள் வெளியாயின. பதிவு மத்திய அரசின் பரிவேஷ் இணையவாயில் வழியாக நடைபெறுகிறது. மெக்சிகோவின் செம்முட்டிச் சிலந்தி அடங்கிய ப்ராகிபெல்மா பேரினமும் சைட்டிஸ் பட்டியலில் இருப்பதால், வெளிநாட்டு இனம் என்ற காரணத்தைக் காட்டி விலக்குப் பெற இயலாது. காவிரி வடக்கு வனவுயிர்ச் சரணாலயம் போன்ற காப்புப் பகுதியிலிருந்து எந்தச் சிலந்தியையும் எடுத்துவருவது, அது எந்தப் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், குற்றமே.

கடத்தல் எவ்வாறு நடக்கிறது என்பதற்கு 2021 ஜூலையில் சென்னையில் பிடிபட்ட அஞ்சல் பொதி நல்ல சான்று. போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த அப்பொதியைச் சுங்கத்துறையினர் திறந்தபோது, தெர்மோகோல் பெட்டிக்குள் வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் உயிருள்ள சிலந்திகள் இருந்தன. இறக்குமதி உரிமமோ நலச்சான்றோ இல்லாததால் அவை வந்த நாட்டுக்கே திருப்பியனுப்பப்பட்டன. விரல்நுனி அளவுள்ள குஞ்சாக இருக்கும்போதே இச்சிலந்திகளை எளிதில் மறைத்துக் கொண்டுவர முடியும் என்பதால்தான் வணிகம் பெரும்பாலும் குஞ்சுகளைச் சுற்றியே நடைபெறுகிறது. ஆகவே எந்தப் பெட்டியைச் செய்யத் தொடங்கும் முன்பும் அதற்குள் வரப்போகும் சிலந்தியின் மூலமும் பதிவும் சரியாக உள்ளனவா என்பதைப் பார்ப்பதே முதல் வேலை.

அளவும் வடிவமும்

பெட்டியின் அளவு சிலந்தியின் கால்விரிவைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. கால்விரிவு என்பது முன்கால் நுனியிலிருந்து எதிர்மூலையில் உள்ள பின்கால் நுனி வரையிலான நீளம். தரைவாழ் இனத்துக்குப் பெட்டியின் நீளம் கால்விரிவைப் போல் மூன்று மடங்கும், அகலம் இரண்டு மடங்கும் இருந்தால் போதும், 12 செ.மீ. கால்விரிவுள்ள சிலந்திக்கு 36 செ.மீ. நீளமும் 24 செ.மீ. அகலமும் என்று கொள்ளலாம். இதில் பலரும் தவறுவது உயரத்தில்தான். டரான்டுலாவின் பின்வயிறு மெல்லிய தோல்பையாக, உள்நீர்மத்தின் அழுத்தத்தில் இறுகி நிற்பது. கண்ணாடியில் ஏறிய கனத்த தரைவாழ் சிலந்தி முழங்கை உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு கிழிந்து இறக்கக்கூடும். எனவே மண்ணின் மேற்பரப்புக்கும் மூடிக்கும் இடையிலான உயரம் கால்விரிவின் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. பெரிய மீன்தொட்டியைச் சும்மா கிடக்கிறதே என்று பயன்படுத்த விரும்புவோர், தொட்டியின் பாதிக்கு மேல் மண் நிரப்பி இவ்வுயரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

மரவாழ் இனங்களுக்கு இதே கணக்கு செங்குத்தாகத் திரும்புகிறது. அவற்றுக்கு உயரம் கால்விரிவின் மூன்று மடங்கு வரை இருக்கலாம். அகலம் ஒன்றரை மடங்கு போதும். நடுவே அல்லது பின்சுவரோடு சாய்த்து நிறுத்திய பட்டையோ குழாய் வடிவ மரத்துண்டோ கட்டாயம் வேண்டும். இவை பெட்டியின் மேற்பகுதியில் நூல் நூற்றுக் குடியமைப்பதால், மேல்மூடியைத் திறக்கும்போதெல்லாம் கூடே கிழிந்து, சீற்றமுற்ற சிலந்தி கைக்கு எதிரே நிற்கும் நிலை ஏற்படும். அதனால் மரவாழ் இனப் பெட்டிக்கு முன்பக்கக் கதவே பொருத்தம். அதிலும் கதவு முகப்பின் கீழ்ப்பாதியில் அமைந்தால் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றும் வேலை சிலந்திக்குத் தெரியாமலே முடிந்துவிடும். வளைவாழ் இனங்களுக்கு 20 செ.மீ.க்குக் குறையாத இறுகிய மண் இருந்தால், மற்றவற்றைச் சிலந்தியே தோண்டி அமைத்துக்கொள்ளும்.

பொருளும் கைவேலையும்

குஞ்சுகளுக்கு மருந்துக்குப்பி, ஊறுகாய் டப்பா முதலியனவே போதுமானவை. வளர்ந்த சிலந்திக்குப் பலரும் தேர்ந்தெடுப்பது அக்ரிலிக் ஷீட். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொழிற்பட்டறைகள் நிறைந்த ஓசூர் போன்ற ஊரில் விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்க முடிவதும் இதற்கு ஒரு காரணம். சுவர்களுக்கு 4 அல்லது 5 மி.மீ. கனம் ஏற்றது. துண்டுகளின் ஓரத்தை உப்புத்தாளால் நேராகத் தேய்த்து, செங்கோணத்தில் நிறுத்தி நாடாவால் பிடித்து, இணைப்பு விளிம்பில் ஊசிக்குழல் வழியாகக் குளோரோஃபார்மை மெல்லச் செலுத்தினால், அது விளிம்பின் இடுக்கில் தானே பரவி, இரு பரப்பையும் சிறிது கரைத்து ஒன்றாக்கிவிடும். இது ஒட்டுவதன்று, ஏறத்தாழ பற்றவைப்பது; எனவே இணைப்பில் காற்றுக்குமிழி வெள்ளையாகத் தெரியும் இடம் பிற்பாடு விட்டுப்போகும். ஆவி நச்சுத்தன்மை உடையதாதலால் வேலையைத் திறந்த வெளியில் செய்து, வாசனை அறவே போகும் வரை, குறைந்தது ஒரு வாரம், பெட்டியை வெறுமையாக வைத்திருக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குச் சிலிக்கான் பேஸ்டே உரியது. பூஞ்சைத்தடுப்பு மருந்து கலக்காத வகையை வாங்கி, புளிக்காடி வாசனை நீங்கும் வரை காத்திருக்க வேண்டும். அக்ரிலிக்கில் சிலிக்கான் நிலையாகப் பிடிப்பதில்லை என்பதால் இரண்டையும் கலந்து செய்த பெட்டிகள் நாளடைவில் பிரிகின்றன.

அக்ரிலிக் மூடியின் குறை ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். பெட்டிக்குள் ஈரமும் வெளியே வறட்சியும் இருக்கும்போது மூடியின் உட்பரப்பு மட்டும் ஈரத்தை உறிஞ்சி விரிவதால், சில வாரங்களில் மூடி வளைந்து அதன் ஓரத்தில் ஒரு கீற்று இடைவெளி தோன்றுகிறது. சிலந்தியின் உடலில் நசுங்காத பகுதி தலைமார்பு ஓடு மட்டுமே. அது நுழையும் இடைவெளியில் முழுச் சிலந்தியும் நுழைந்துவிடும். கால் பாதங்களின் அடியில் உள்ள நுண்மயிர்களால் அவை கண்ணாடியிலும் தலைகீழாக நடப்பவை என்பதால், மேலே ஏற முடியாது என்ற எண்ணத்திற்கும் இடமில்லை. மூடியின் இரு ஓரங்களிலும் அலுமினிய ஆங்கிள் வைத்து முடுக்குவதோ, மூடியை மட்டும் கண்ணாடியில் செய்துகொள்வதோ இதற்குத் தீர்வு. அதன்மேல் கொண்டியோ சிறு பூட்டோ தேவை. காந்தம் மட்டும் போதாது.

காற்றோட்டம்

கைவேலைப் பெட்டிகளில் சிலந்திகள் இறப்பதற்குப் பசியைவிடத் தேங்கிய காற்றே பெருங்காரணம். ஈரம் வேண்டும் என்று கேள்விப்பட்டு மண்ணை நனைத்துவிட்டு, ஈரம் வெளியேறாதபடி துளைகளைக் குறைத்துவிடுவதால், பெட்டிக்குள் பூஞ்சையும் பேன்போன்ற நுண்ணுண்ணிகளும் பெருகுகின்றன. இதைத் தவிர்க்க எதிரெதிர்ச் சுவர்களில், ஒன்றில் மண்மட்டத்துக்குச் சற்று மேலேயும், மற்றொன்றில் மூடிக்குச் சற்றுக் கீழேயும் துளை வரிசைகள் அமைக்கப்படுகின்றன. உள்ளே சூடேறிய ஈரக்காற்று மேல்துளை வழியே எழுந்து வெளியேறும்போது, கீழ்த்துளை வழியே புதிய காற்று தானே உள்ளே இழுக்கப்படும். மூடியில் மட்டும் துளையிட்ட பெட்டியில் இந்த இழுப்பு உண்டாவதில்லை.

வளர்ந்த சிலந்திக்கு 3 மி.மீ. துளை போதும், குஞ்சுகளின் டப்பாவுக்குச் சூடேற்றிய தையலூசியால் துளையிட வேண்டும். அக்ரிலிக்கில் வேகமாகத் துளையிட்டால் சூட்டில் உருகி ட்ரில் பிட்டில் சுற்றிக்கொள்ளும். பின்னால் ஒரு மரத்துண்டை அண்டைகொடுத்து, மெதுவாக, இடையிடையே எடுத்துத் துளையிட்டு, பிசிறுகளைப் பெரிய பிட்டின் நுனியால் வழித்தெடுப்பது முறை. கொசுவலைக் கம்பியைப் பொருத்துவது எளிதாகத் தோன்றினாலும் அது தவிர்க்கப்பட வேண்டியது. அதன் கண்களில் சிலந்தியின் பாதநகங்கள் சிக்கிக்கொண்டு கால் முறிந்துபோகும், பிளாஸ்டிக் வலையாக இருந்தால் நச்சுப்பற்களால் அறுத்தும்விடும்.

தளமும் ஒளிவிடமும்

தளமாகப் பெரும்பாலும் பயன்படுவது தேங்காய் நார்த்தூள், அதாவது கோகோபீட். பொள்ளாச்சிப் பகுதி ஆலைகளில் இருந்து கட்டியாக வருவதை நீரில் ஊறவைத்தால் பலமடங்கு உப்பும். உப்புத்தன்மை மிக்க தூள் சில சமயம் கிடைக்கும் என்பதால் இரண்டு முறை அலசிப் பிழிந்து, வெயிலில் ஆற்றிப் பயன்படுத்துவது நல்லது. கையில் இறுகப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடையில் நீர் சொட்டக் கூடாது என்பதே ஈரப்பதத்தின் அளவுகோல். வளைவாழ் இனங்களுக்குத் தூள் மட்டும் போதாது. சரிந்து வளையை மூடிவிடும். அதில் மூன்றில் ஒரு பங்கு செம்மண் கலந்து அடித்து இறுக்கினால் வளை நிற்கும். செம்மண் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்கும் கிடைக்குமெனினும், தக்காளி, ரோஜா முதலிய பயிர்நிலங்களின் மண்ணில் பூச்சிமருந்து எச்சம் இருக்குமாதலால், உழப்படாத மேட்டுநிலத்து மண்ணையே எடுக்க வேண்டும்.

ஒளிவிடத்துக்குக் கவிழ்த்த கொட்டாங்குச்சியைப் போல் எளிய பொருள் வேறில்லை. ஓரத்தில் ஒரு வாயில் வெட்டி, பாதி மண்ணில் புதைத்தால் தரைவாழ் சிலந்தி ஓரிரு நாளில் குடியேறிவிடும். மேலைநாட்டு நூல்கள் வலியுறுத்தும் தக்கைப்பட்டைக்குப் பதிலாகப் புளிய, மாமரக் காய்ந்த பட்டை இங்கே ஏற்றது. வெந்நீரில் கொதிக்கவைத்து நன்றாகக் காயவைத்தால் அதிலுள்ள எறும்பும் உண்ணியும் ஒழியும். தண்ணீருக்குப் பாட்டில் மூடியே போதும். அதில் பஞ்சு வைக்கும் பழக்கம் கிருமியை வளர்ப்பதன்றி வேறு பயனில்லாதது.

ஓசூர்ப் பகுதியின் தட்பவெப்பம்

இத்துறை நூல்கள் பெரும்பாலும் குளிர்நாட்டவர் எழுதியவை என்பதால் சூடேற்றும் பாய்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. ஓசூர்ப் பீடபூமியில் மார்கழி, தை இரவுகள் குளிர்ந்தாலும் அந்தக் குளிர் இச்சிலந்திகள் தாங்கக்கூடியதே. இங்கே எவ்விதச் சூடேற்றியும் தேவையில்லை. பெட்டியின் அடியில் வைக்கும் பாய் தீங்கும் செய்கிறது. சூட்டிலிருந்து தப்பக் கீழே தோண்டிச் செல்வதே சிலந்தியின் இயல்பு. அடியிலிருந்து சூடு வந்தால் அது தோண்டத் தோண்ட நெருப்பை நோக்கியே போகும். இப்பகுதியில் உண்மையான இடர் கோடைதான். தகரக்கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகளில் சித்திரைப் பகலில் மேலடுக்கில் வைத்த பெட்டி அனலாகிவிடும். சன்னலோர நேர்வெயிலில் வைத்த கண்ணாடிப் பெட்டியோ அரைமணி நேரத்தில் சிலந்தியைக் கொன்றுவிடும். தரையோரம், வெளிச்சம் குறைந்த உள்ளறைச் சுவரை ஒட்டி வைப்பதே முறை.

தரையில் வைப்பதால் எறும்பு வரும். தோலுரிக்கும் நாளில் மல்லாந்து அசைவற்றுக் கிடக்கும் சிலந்தியை எறும்புக்கூட்டம் உயிருடன் தின்றுவிடும். முன்பு சமையலறை அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியதைப் போலவே பெட்டித் தாங்கியின் கால்களையும் நிறுத்துவது, இன்றளவும் மிஞ்ச முடியாத முறையாகும். பூச்சிமருந்துச் சாக்கட்டி, கொசுவர்த்திச் சுருள், மின்செருகிக் கொசுவிரட்டி, கரப்பான் தெளிப்பான் ஆகியவை பெரும்பாலும் பைரித்ராய்டு வகை நஞ்சுகளைக் கொண்டவை. பூச்சியைக் கொல்வது சிலந்தியையும் கொல்லும். சிலந்தி இருக்கும் அறையில் இவற்றுள் எதையும் பயன்படுத்துவதற்கில்லை. தோட்டத்தில் பிடித்த வெட்டுக்கிளியை இரையாகக் கொடுப்பதும் இதே காரணத்தால் ஆகாது. தெளித்த நஞ்சு இரையின் வழியே சேரும்.

பராமரிப்பும் பாதுகாப்பும்

பெட்டிக்குள் கைவிடும் தேவையைக் குறைப்பதே நல்ல வடிவமைப்பு. தின்னாமல் விட்ட இரையை மறுநாளே நீண்ட இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். தோலுரிக்கும் சிலந்தியை உயிருள்ள வெட்டுக்கிளி கடித்துக் காயப்படுத்திவிடும். அமெரிக்கக் கண்டத்து இனங்கள் பல பின்வயிற்று மயிரைப் பின்கால்களால் உதிர்த்துவிடுகின்றன. அது கண்ணில் பட்டால் நீடித்த அழற்சி உண்டாகும் என்பதால் பழைய மண்ணை மாற்றுகையில் கண்ணாடியும் கையுறையும் அணிய வேண்டும். ஆசிய இனங்களுக்கு அம்மயிர் இல்லை. பதிலாக விரைவும் கடுமையான நஞ்சும் உண்டு. பொய்சிலோதீரியா கடித்தால் உயிருக்கு ஆபத்து நேர்ந்ததாக உறுதியான பதிவு இல்லையெனினும், நாட்கணக்கில் நீளும் தசைப்பிடிப்பும் வலியும் ஏற்படுவது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. கடிபட்டவர் மருத்துவமனைக்குச் செல்வதே தக்கது. பெண் சிலந்திகள் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியவை என்பதால் பெட்டியும் அத்தனைக் காலம் நிற்குமாறு செய்யப்பட வேண்டும்.

வளர்ப்பைத் தொடர முடியாமல் போனால், பெட்டியைத் திறந்து புளியமரத்தடியிலோ தேன்கனிக்கோட்டைக் காட்டோரத்திலோ விட்டுவிடுவது கூடாது. வெளிநாட்டு இனமாயின் அது இங்குள்ள உயிர்களுக்கு ஊறு. உள்நாட்டு இனமாயினும், அது எந்தக் காட்டிலிருந்து வந்தது என்பது தெரியாதவரை அதற்குரிய இடம் இதுவென்று சொல்வதற்கில்லை. பதிவு தேவைப்படும் இனமாயின் கைமாற்றத்தைப் பரிவேஷில் தெரிவித்து, உரிய பதிவுடன் வளர்க்கும் மற்றொருவரிடம் ஒப்படைக்கலாம். அது இயலாதபோது மாவட்ட வன அலுவலகத்தை அணுக வேண்டும்.